ஐயமும் ஜெபமும்: மதுரைச் சீமையில் நம் முன்னோர் நடந்த வழி

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு கழகச் செயலாளர் நம்மைப் பணித்தார். கழகம் தோன்றிய கதையையும், கட்டடம் எழும்பிய கதையையும் இம்மலரில் பிறர் எழுதுகின்றனர். ஆகவே நாம் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டோம். அப்பொருளைத் தந்தவர் அறிஞர் எவருமல்லர். கழகத்தின் மாலைநேர வகுப்பில் பயிலும் பதினேழு வயது இளைஞர் ஒருவரே.

ஒருநாள் வகுப்பு முடிந்து விளக்கணைக்கும் வேளையில் அவர் நம்மிடம் வந்தார். "சார், நம்ம பாட்டன் பூட்டன்லாம் கஞ்சிக்காகத்தான் வேதத்துல சேந்தாங்கன்னு சொல்றாங்களே, நெசமா? சேந்த பெறகும் கோயிலுக்குள்ள நம்மளத் தனியாத்தான உக்கார வச்சாங்க? அப்புறமும் எதுக்கு சார் ஜெபம் பண்றோம்?" என்று கேட்டார். நாம் அன்று, "நாளைக்குப் பேசலாம் தம்பி" என்று கூறி அனுப்பிவிட்டோம். முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்ற நமக்கு உடனே விடை வரவில்லை. அவ்வினாவுள் மூன்று வினாக்கள் அடங்கியிருந்தன. முன்னோர் எதற்காகச் சேர்ந்தனர்? சேர்ந்த இடத்தில் என்ன கண்டனர்? கண்ட பின்னும் ஏன் முழந்தாளிட்டனர்? அன்று சொல்லாத விடையை இங்கே வரலாற்றின் துணைகொண்டு சொல்ல முயல்கிறோம்.

தொடங்குமுன் ஒரு சொல். நம் கழகத்தில் ஆலயத்துக்குச் செல்வோரும் உண்டு. கோவிலுக்குச் செல்வோரும் உண்டு. எங்கும் செல்லாதோரும் உண்டு. ஒரே தெருவில், ஒரே குடும்பத்தில்கூட இம்மூவகையினரும் உள்ளனர். இக்கட்டுரை எவரையும் எம்மதத்துக்கும் அழைப்பதன்று. நம் மக்களுள் ஒரு பகுதியார் நானூறு ஆண்டுகளாக நடந்த வழியை, நடந்தவாறே எடுத்துரைப்பது, அவ்வளவே.

இரு வகைக் குருமார்

மதுரை மாநகரில் கிறிஸ்தவ வேதம் காலூன்றிய கதை நாயக்கர் காலத்தில் தொடங்குகிறது. இத்தாலி நாட்டு யேசு சபைத் துறவி ராபர்ட் தெ நோபிலி 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தார். அவருக்கு முன்பே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்னும் போர்த்துக்கீசிய யேசு சபையார், கடற்கரையிலிருந்து வாணிகத்துக்காக வந்து தங்கிய பரதவ மக்களிடையே இங்கே பணியாற்றி வந்தார். இவ்வேதம் பரங்கியர் வேதம் என்று கருதியே நகரத்தார் விலகி நிற்கின்றனர் என நோபிலி எண்ணினார். எனவே காவியுடுத்தார், ஊன் உணவை விட்டார், தமிழும் வடமொழியும் கற்றார், பெர்னாந்தஸின் ஆலயத்திலிருந்து பிரிந்து தனியே தங்கினார். இம்முறை சரியா, தவறா என்று எழுந்த வழக்கு ரோமாபுரி வரை சென்றது. 1623ஆம் ஆண்டு பதினைந்தாம் கிரகோரி என்னும் போப்பாண்டவர் அதற்கு இசைவளித்தார்.

நோபிலியின் தமிழ்த் தொண்டும் துறவும் பாராட்டத்தக்கன. எனினும் நம் மக்களின் பக்கம் நின்று நோக்கினால் ஒன்று புலப்படும். மேற்குலத்தார்க்குரிய சந்நியாசியாக வாழும் குரு, சேரிக்குள் வெளிப்படையாக அடியெடுத்து வைத்தல் இயலாது. வைத்தால் மற்றையோர் அவரை விட்டு விலகுவர். இவ்விடர்ப்பாட்டுக்குத் தீர்வாக 1640ஆம் ஆண்டு பல்தசார் தா கோஸ்தா என்பார் பண்டாரசுவாமி முறையைத் தொடங்கினார். தாழ்த்தப்பட்ட மக்களோடு பழகக்கூடிய பண்டாரக் கோலத்தில் வேறு வகைக் குருமார் புறப்பட்டனர். 1693இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு உயிர்நீத்த அருளானந்தர் அவ்வழி வந்தவரே. அவருக்கு 1947இல் புனிதர் பட்டம் வழங்கப்பெற்றது.

இவ்வாறு கடவுள் ஒருவரே என்று கற்பித்த வேதத்துக்குக் குருமார் இரு வகையாயினர். நம் முன்னோர் இதனைக் கண்டனர். ஒரு குரு தம் வாசலுக்கு வருவதையும், மற்றொரு குரு வாராததையும் கண்டனர். அதனைக் குறித்து அவர்கள் என்ன எண்ணினர் என்பதை எழுதி வைக்க அவர்தம் கையில் எழுத்தாணி இருந்ததில்லை. ஆயினும் அவர்கள் செய்தது தெரியும். 1773இல் யேசு சபை கலைக்கப்பட்டது. 1838இல்தான் அச்சபையார் மதுரைக்கு மீண்டனர். குருமார் அருகிய அறுபத்தைந்து ஆண்டுகளில் ஊர்தோறும் உபதேசியார்களே ஜெபங்களைச் சொல்லிக்கொடுத்துச் சபைகளைக் காத்தனர். நம்பிக்கை வேண்டியிராதவர்களாயின், கேட்பாரற்ற அக்காலத்திலேயே அதனை விட்டிருக்கலாம்.

பள்ளியான ஆலயம்

யாழ்ப்பாணத்தில் 1816 முதல் பணியாற்றி வந்த அமெரிக்க மிஷன், 1834ஆம் ஆண்டு மதுரையில் கால்வைத்தது. திண்டுக்கல், திருமங்கலம், பெரியகுளம், மேலூர் எனப் பல ஊர்களில் அதன் நிலையங்கள் எழுந்தன. பசுமலையில் குருமடமும் பள்ளியும் அமைந்தன. 1881இல் பசுமலையில் தோன்றிய கல்லூரியே பின்னர் மதுரை நகருக்கு இடம்பெயர்ந்து இன்றைய அமெரிக்கன் கல்லூரியாக விளங்குகிறது. இம்மிஷனைச் சேர்ந்த சாந்தலர் என்பாரே பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்கு முதற் பதிப்பாசிரியரானார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

இம்மிஷன் 1847ஆம் ஆண்டளவில் ஓர் உறுதியான நிலையை எடுத்தது. சாதி பாராட்டுவோர் சபையில் பணியாளராக இருத்தலாகாது என்பதே அது. சாதியை விட்டமைக்குச் சான்றாக, யாவரோடும் உடனமர்ந்து உண்ணுமாறு கேட்டனர். பலர் உண்ண மறுத்துச் சபையை விட்டு நீங்கினர். அவ்வாறு நீங்கியோருள் படித்தவர்களும் இருந்தனர். சபையின் எண்ணிக்கை குறைந்தது. எனினும் மிஷன் பின்வாங்கவில்லை. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரிகள் மாநாடும் சாதி பாராட்டலைக் கண்டித்துத் தீர்மானம் செய்தது.

இளைஞர்கள் இதனை உன்னிப்பாக நோக்குதல் வேண்டும். தீர்மானம் எழுதியவுடன் சாதி ஒழிந்துவிடவில்லை. சட்டத்தால் உடனிருந்து உண்டோர், பெண் கொள்ளவும் கொடுக்கவும் வந்தபோது பழைய கணக்கையே பார்த்தனர். ஆயினும் ஒரு பந்தியில் உண்ண மறுப்பது பாவம் என்று பொது இடத்தில், பெயர் சொல்லி, இழப்பையும் தாங்கிக்கொண்டு ஒரு நிறுவனம் சொன்னது. நம் மக்கள் அதனைக் கேட்டனர். கேட்டதை மறக்கவில்லை.

அக்காலத்துச் சிற்றூர்ச் சபைகளில் ஒரே கூரைதான் இருக்கும். வாரத்தில் ஐந்து நாளும் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமையில் ஆலயம். உபதேசியாரே வாத்தியார். பகலில் வயலில் நின்ற பிள்ளைகள் இரவில் எண்ணெய் விளக்கொளியில் வேதபுத்தகத்தை எழுத்துக்கூட்டி வாசித்தனர். நம் குடும்பங்கள் பலவற்றில் முதன்முதலில் எழுத்தறிந்தவர் அவ்விளக்கின் முன் அமர்ந்தவரே. இன்று நம் கழகம் நடத்தும் மாலைநேர வகுப்பு அவ்விளக்கின் தொடர்ச்சி என்று கூறுவது மிகையாகாது.

கஞ்சிக்காகச் சேர்ந்தனரா?

இனி முதல் வினாவுக்கு வருவோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பெரும்பஞ்சத்தை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டதாக மதிப்பிடுகின்றனர். 1895இல் பெரியாற்று அணை கட்டி முடிந்து, அந்நீர் மலையைத் துளைத்து வைகைக்கு வரும்வரை மேலூர்ப் பகுதி வானம் பார்த்த பூமி. நிலமில்லாத கூலிக் குடியானவனுக்கு மழை பொய்த்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் உணவில்லை. அக்காலத்தில் தென் தமிழ்நாட்டில், சிறப்பாகத் திருநெல்வேலிச் சீமையில், பல்லாயிரவர் ஞானஸ்நானம் பெற்றனர். மிஷனரிகள் கஞ்சித்தொட்டி வைத்தனர் என்பதும், பெற்றோரை இழந்த பிள்ளைகளை ஏற்று வளர்த்தனர் என்பதும் உண்மையே.

ஆகவே, 'கஞ்சிக்காகச் சேர்ந்தவர்கள்' என்னும் ஏச்சில் ஒரு துளி உண்மை இல்லை என்று நாம் வழக்காட மாட்டோம். பசித்தவன் சோறு கொடுத்த கையை நோக்கி நடப்பது இயற்கை. நாம் கேட்க விரும்பும் வினா வேறு. பஞ்சம் 1878இல் தீர்ந்தது. கஞ்சித்தொட்டிகள் மூடப்பட்டன. அதன்பின் அவர்கள் ஏன் தொடர்ந்து இருந்தனர்? நிலக்கிழார் வேலை தர மறுத்தபோதும், பழைய உறவினர் பந்தியிலிருந்து விலக்கியபோதும் ஏன் இருந்தனர்? விட்டுப் போனோரும் உண்டு. அதனை மறைத்தல் வேண்டா. ஆனால் இருந்தவரின் கதையைக் கஞ்சி விளக்காது.

வாஸ்காம் பிக்கெட் என்னும் அமெரிக்கர் இந்தியாவெங்கும் திரள்திரளாகக் கிறிஸ்தவம் தழுவிய மக்களை ஆராய்ந்து 1933இல் ஒரு நூல் வெளியிட்டார். மக்கள் பலவகை நோக்கங்களுடன் வந்தனர் என்பதையும், பின்னர் அவர்கள் எத்தகைய கிறிஸ்தவர்களாயினர் என்பதைச் சேர்ந்த நோக்கத்தைவிடச் சேர்ந்தபின் பெற்ற போதனையும் வழிநடத்தலுமே பெரிதும் உறுதிசெய்தன என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். ஆசிரியராகிய நமக்கு இது வியப்பளிப்பதன்று. மதிய உணவுக்காகப் பள்ளிக்கு வந்த பிள்ளை மருத்துவராகியிருப்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். அவரைச் சோற்று மருத்துவர் என்று எவரும் அழைப்பதில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. அக்காலத்தில் கோவில்களின் வாசல் நம் மக்களுக்கு அடைக்கப்பட்டிருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில், பின்னாளில் அமைச்சரான கக்கன் உள்ளிட்டோர் நுழைந்தது 1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள்தான். அதற்கு முன், ஒரு மனிதன் வயிற்றுப் பசிக்கு மேலாக, கடவுளின் முன் நிமிர்ந்து நிற்கும் பசியும் கொண்டிருந்தான் என்று எண்ணுவதற்கு நமக்கு உரிமை உண்டு.

ஆலயத்துக்குள் சுவர்

இரண்டாம் வினா கசப்பானது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்து ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாகச் சனங்களைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தான் இடிக்கப்பட்டது. இடித்தபின் கலகமும் வழக்கும் நேர்ந்தன. பிற இடங்களில் சுவர் எழுப்பாமலே பிரித்தனர். தனி இருக்கை, தனிக் கிண்ணம், தனிக் கல்லறை என்று அப்பிரிவு பல உருவம் கொண்டது. உயிரோடிருந்தபோது ஒரே சபையார். இறந்தபின் வெவ்வேறு மண். இதனை எழுதும்போது நம் கை நடுங்குகிறது. ஆயினும் வெள்ளி விழா மலரில் வெல்லம் மட்டும் வைத்தல் நேர்மையாகாது.

திருச்சபைத் தலைவர்கள் இதனை ஒப்புக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று. 2003ஆம் ஆண்டு நவம்பரில் தமிழ்நாட்டு ஆயர்களை ரோமாபுரியில் சந்தித்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால், சாதிப் பாகுபாடு திருச்சபையின் பணியையே கெடுப்பது என்று வெளிப்படையாகக் கண்டித்தார். 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை ஆவணம் வெளியிட்டது. இவை வரவேற்கத்தக்கன. ஆனால் ஆவணம் அறையில் இருக்கும். கல்லறைத் தோட்டம் ஊரில் இருக்கும். ஊரில் மாற்றம் வரச் செய்வது ஊராரின் வேலை.

வெளிச்சுவர் ஒன்றும் உண்டு. அரசியல் சட்டத்தின் கீழ் 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து மதத்தினர் அல்லாதார் பட்டியல் சாதியினராகக் கருதப்படார் என வகுத்தது. 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது. கிறிஸ்தவரான தலித் மக்களுக்கு அவ்வாறு திருத்தம் வரவில்லை. சென்னையில் நடைபாதையில் செருப்புத் தைத்துப் பிழைத்த சூசை என்பார் தொடுத்த வழக்கில், மதம் மாறிய பின்னும் அதே கொடுமையும் இழிவும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய சான்று காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1985இல் கூறியது. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007இல் அம்மூன்றாம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. இதே பொருளை ஆராய 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மற்றோர் ஆணையம் அமைக்கப்பெற்றது. தமிழ்நாட்டில் இம்மக்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர்.

இச்செய்திகளின் பொருளை நாம் பள்ளி அலுவலகத்தில் காண்கிறோம். அண்ணன் பிள்ளை ஒரு பட்டியலிலும், தம்பி பிள்ளை வேறொரு பட்டியலிலும் இருக்கின்றனர். இருவரும் ஒரே தெருவில் ஒரே இழிசொல்லைக் கேட்டு வளர்கின்றனர். பதிவேட்டில் ஒரு பெயரும், வீட்டு ஜெபத்தில் ஒரு பெயருமாகப் பல பிள்ளைகள் வாழ்கின்றனர். அவர்களைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. உபகாரச் சம்பளத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் இடையே ஒரு பிள்ளையை நிறுத்தி வைத்தது அப்பிள்ளையின் குற்றமன்று.

ஐயம் என்பது யாது?

இத்தனையும் கண்ட பின் ஐயம் எழாதிருக்குமா? எழும். நூல்களில் ஐயம் பெரும்பாலும் 'கடவுள் உண்டா?' என்னும் வினாவாக வருகிறது. நம் முன்னோரின் ஐயம் வேறு வகைப்பட்டது. 'கடவுளே, நீர் எங்களைப் பார்க்கிறீரா? பார்ப்பீராயின், உம் பெயரைச் சொல்லுவோர் ஏன் இவ்வாறு செய்கின்றனர்?' என்பதே அது. இவ்வினாவைக் கேட்பவன் கடவுளை விட்டு ஓடியவனல்லன். அவர் முகத்தை நோக்கிக் கேட்பவன். ஆகவேதான் அவ்வினா ஜெபமாகவும் இருந்தது.

வேதபுத்தகம் இதனைத் தடைசெய்யவில்லை. சங்கீதங்களுள் பல, கடவுள் மறந்துவிட்டாரோ என்னும் முறையீடுகளே. நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த ஒரு தந்தை, தம் நம்பிக்கையையும் நம்பிக்கைக் குறைவையும் ஒரே மூச்சில் அறிக்கையிட்டதாக மாற்கு எழுதுகிறார். அவர் மகன் குணமானான். காயத்தைத் தொட்டாலன்றி நம்பேன் என்ற தோமாவே இந்நாட்டின் அப்போஸ்தலர் என்பதும், அவர் சென்னைப் பரங்கிமலையில் உயிர்நீத்தார் என்பதும் தொன்றுதொட்டு வரும் மரபு. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர் தம் முதல் ஆசானாகப் போற்றுபவர் ஐயுற்றவர் என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை.

மதுரைக்கு வந்த பேராயர் ஒருவரின் வாழ்வும் ஈண்டு பயன்படும். 1947 செப்டம்பர் 27இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, மதுரை இராமநாதபுரம் பேராயத்தின் முதற் பேராயராக லெஸ்லி நியூபிகின் பொறுப்பேற்றார். அவர் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நுழைந்தபோது தெளிந்த நம்பிக்கை ஏதும் இல்லாதவர். மாணவராயிருக்கையில் வேல்ஸ் நாட்டில் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளரிடையே தொண்டு செய்யச் சென்றார். அவர்தம் துயரைத் தீர்க்கத் தம்மால் இயலவில்லையே என்று உறக்கமின்றிக் கிடந்த ஓரிரவில்தான் சிலுவையின் பொருள் தமக்கு விளங்கியது என்று பின்னாளில் எழுதினார். மதுரைச் சமவெளியின் சிற்றூர்ச் சபைகளுக்கு ஓயாது சென்று, எளிய மக்களோடு தரையில் அமர்ந்தவர் அவர். அவ்வனுபவங்களை ஒரு நாட்குறிப்பு நூலாகவும் வெளியிட்டார். 1959 வரை இங்கிருந்தார்.

அவர் தம் முதுமையில், 1995இல், நம்பிக்கையையும் ஐயத்தையும் பற்றித் தனி நூலே எழுதினார். அதன் சாரத்தை நம் சொற்களில் சொல்வதாயின் இவ்வாறு கூறலாம்: எதையும் ஐயுற வேண்டுமாயின், அதற்கும் ஏதோ ஒன்றன்மீது நம்பிக்கை வைத்தே தீரவேண்டும், முற்றிலும் உறுதி கிட்டிய பின்னரே நடப்பேன் என்பவன் எங்கும் நடக்க மாட்டான். கல்வியும் அவ்வாறே. ஆசிரியர் சொல்வதை முதலில் நம்பாத மாணவன் எழுத்தே கற்க மாட்டான். இறுதிவரை கேள்வி கேளாத மாணவன் அறிவு பெற மாட்டான்.

கொல்கத்தாவின் அன்னை தெரசா 1997இல் மறைந்தார். அவருடைய கடிதங்கள் 2007இல் நூலாக வெளிவந்தபோது உலகம் திகைத்தது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் கடவுளின் அண்மையைத் தம் உள்ளத்தில் உணராமலேயே அவர் ஜெபித்தும் உழைத்தும் வந்தார் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது. 2016இல் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நம் பக்கத்துச் சான்று ஒன்று இன்னும் நெருக்கமானது. வத்திராயிருப்பை அடுத்த புதுப்பட்டியில் பிறந்த பாமா, கன்னியர் மடத்தில் சேர்ந்து, ஏழைகளுக்கென எடுத்த வாக்கும் மடத்தின் வாழ்வும் ஒவ்வாமை கண்டு வெளியேறினார். அவர்தம் வாழ்வை எழுதிய 'கருக்கு' 1992இல் மதுரையிலிருந்து வெளியாயிற்று. இருபுறமும் அறுக்கும் பனங்கருக்கையே நூலுக்குப் பெயராக வைத்தார். கடவுளையும், கடவுளின் பெயரால் நடப்பதையும் வேறு வேறாக நிறுத்தி வினவிய நூல் அது. நம் தெருப் பெண் ஒருத்தி நம் தெருவின் தமிழிலேயே வினவினாள் என்பதே அதன் சிறப்பு.

மதுரை அரசரடியில் 1969 முதல் இயங்கும் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராயிருந்து 2005இல் மறைந்த தியாபிலஸ் அப்பாவு வேறொரு வழி கண்டார். 'பறட்டை' என்று அன்போடு அழைக்கப்பட்ட அவர், இழிந்ததென ஆலயத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட பறையையும் நாட்டுப்புற மெட்டையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதையே திருவிருந்தின் பொருளாகக் கற்பித்தார். 1847இல் பந்தியில் தொடங்கிய வழக்கு அவர் கையில் பாட்டாயிற்று.

மணி அடித்த மூன்று ஆண்டுகள்

இறுதியாக நம் கதை. நம் தந்தையார் சிற்றூர் ஒன்றில் உபதேசியார். ஆலயத்து வேப்பமரத்தில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கும், அதுவே மணி. விடியற்காலையிலும் அந்தியிலும் அதனை அடிப்பது பிள்ளைப் பருவம் முதல் நம் வேலை. நாம் மேல்நிலைப் படிப்பு முடித்து உபகாரச் சம்பளத்துக்கு விண்ணப்பித்தபோது, ஓர் அலுவலகத்தில் ஞானஸ்நானச் சான்றைக் காட்டி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டனர். அதே மாதத்தில், வேற்றூர் ஆலயத் திருவிழாவில் நம் குடும்பத்தாரைத் தனிப்பந்தியில் அமர்த்தினர். உள்ளேயும் இடமில்லை, வெளியேயும் இடமில்லை. அன்றிரவு வீட்டு ஜெபத்துக்கு நாம் முழந்தாளிடவில்லை. இனி ஜெபிக்க மாட்டோம் என்று தந்தையாரிடம் சொல்லிவிட்டோம்.

அவர் சினந்துகொள்வார் என எதிர்பார்த்தோம். சிறிது நேரம் பேசாதிருந்தார். பின், "நீ ஜெபம் பண்ணாட்டிப் போப்பா. மணிய மட்டும் அடிச்சிரு. காட்டுல நிக்கிற சனத்துக்கு நேரந் தெரியணும்ல" என்றார்.

அது உண்மை. கடிகாரமில்லாத கூலியாட்களுக்கு அந்தி மணியே வேலை விடும் நேரத்தைச் சொல்லிற்று. மணி கேட்டபின் மேலும் நிறுத்தி வேலை வாங்க நிலக்காரர் தயங்குவர். எனவே அடித்தோம். நம்பிக்கையின்றி மூன்று ஆண்டுகள், விடுமுறைக்கு ஊர் வந்த நாள்களிலெல்லாம் அடித்தோம். மணி கேட்டுக் கரையேறி, கால் கழுவி, சேற்று வாடையோடு ஆலயத்துள் வந்தமர்ந்தவர்களைக் கதவோரம் நின்று பார்த்தோம். அவர்களுள் கணவனை இழந்த ஒரு முதியவள், தன் மகன் இறந்த மாதத்தில், "எங்கண்ணு ஒனக்குத் தெரியுதா சாமி?" என்று உரக்கக் கேட்டு அழுதாள், அழுது முடித்து, அண்டை வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலுக்காக ஜெபித்தாள். நாம் விட்டுவிட்ட கேள்வியைத்தான் அவளும் கேட்டாள். கேட்டபின் எழுந்து போகாமல், பிறர் பிள்ளைக்காக அங்கேயே இருந்தாள். நாம் மீண்டும் முழந்தாளிட்டது எந்நாள் என்று நமக்கு நினைவில்லை. ஐயம் தீர்ந்ததும் இல்லை. இன்றும் சில நாள் ஜெபத்தில் சொல் வாராது. வாராத நாளில் தெருவிலுள்ளோரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி முடிக்கிறோம்.

இளைஞர்களுக்கு

ஆகவே தம்பி, உம் மூன்றாம் வினாவுக்கு நாம் கண்ட விடை இது. நம் முன்னோர் எல்லா ஐயமும் தீர்ந்தமையால் ஜெபிக்கவில்லை. தம் வழக்கைக் கேட்க வேறு நீதிமன்றம் இல்லாத காலத்தில் கடவுளிடம் வழக்குரைத்தனர். ஜெபத்தில் ஒருவர் மற்றவரின் பெயரைச் சொன்னமையால், ஒருவரை ஒருவர் கைவிடாதிருக்கக் கற்றனர். கற்றதைக்கொண்டு பள்ளி கண்டனர்; சங்கம் கண்டனர்; இக்கழகத்தையும் கண்டனர்.

இன்று நமக்கு வேறு நீதிமன்றங்களும் உண்டு. ஜெபிக்கிறோம் என்பதற்காக மனு எழுதாதிருத்தல் வேண்டா. கல்லறையில் சுவர் இருப்பின் சபைக் கமிட்டியில் எழுந்து கேளுங்கள். சட்டத்தின் மூன்றாம் பத்தியைப் படியுங்கள். அது குறித்துப் பேச வல்ல வழக்கறிஞராகுங்கள். உங்கள் ஐயத்தைப் பெரியோரிடம் மறைக்காதீர்கள். பெரியோரே, ஐயத்தோடு வரும் பிள்ளையை அவிசுவாசி என்று விரட்டாதீர்கள். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். ஜெபத்தை விட்டுவிட்ட பிள்ளைகளும் இக்கழகத்தின் பிள்ளைகளே.

நாம் பணியாற்றும் அரசுப் பள்ளியிலும் ஒரு தண்டவாளத் துண்டே மணியாகத் தொங்குகிறது. மின்மணி வந்தபின்னும் அதனை நாம் கழற்றவில்லை. மின்சாரம் நின்ற நாள்களில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருவர் ஓடிவந்து அதனை அடிக்கிறார். அவ்வொலி கேட்டுப் பிள்ளைகள் வகுப்புக்குள் வருகின்றனர்.

வாழ்க நம் கழகம்! வளர்க அதன் கல்விப் பணி!